நல்ல இடத்து இருமல்

ஊஞ்சவலசில் அந்த வாரம் இருமலுக்கு வரிசை நின்றது.

வரிசை பண்ணாடி வீட்டு வாசலில் தொடங்கி, பிள்ளையார் கோவிலைச் சுற்றி, பால் சொசைட்டி வரை போயிருந்தது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தார் பண்ணாடி நாச்சிமுத்து. வயது அறுபத்து நான்கு, ஊரில் பாதித் தோட்டம் அவருடையது. டோக்கன் வாங்கியவர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு குனிய வேண்டும். பண்ணாடி அவர் முகத்தில் ஒரு இருமல் இருமுவார். கும்பிட்டுவிட்டு அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் இருமல் வற்றிப்போனது. பண்ணாடியின் மருமகன் உள்ளே ஓடி வரமிளகாயைக் கருக்கிப் புகை போட்டார். புகைக்கு வந்த இருமல் செல்லுமா செல்லாதா என்று வரிசையில் கைகலப்பு வரை போய், செல்லும் என்று முடிவானது.

"எனக்குச் சரியாப் படலீங்க. இன்னொருக்கா இருமுனீங்கன்னா நல்லா இருக்கும்," என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்.

"ஆளுக்கு ஒண்ணுதானுங்க சார். பின்னால பாருங்க எத்தன பேரு நிக்கறாங்கன்னு," என்றார் மருமகன்.

எதிரே ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஜன்னலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் டாக்டர் பெனிட்டா. மார்த்தாண்டத்துக்காரர், ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டே மாதம்.

"மாதேஸ்வரி, நான் காய்ச்சல்ல கனவு காணுறேனா?"

"இல்ல டாக்டர். நிசந்தான்," என்றாள் லேப் டெக்னீஷியன் மாதேஸ்வரி. பி.எஸ்சி. நுண்ணுயிரியல், அறுபத்தெட்டு சதவீதம். அவள் குடும்பத்தில் யாரும் எதிலும் சதவீதம் வாங்கியது அதுதான் முதல் தடவை.

"நாம இவங்ககிட்ட என்ன சொன்னோம்? இந்த வைரஸ் எந்த உடம்புக்குள்ள போனாலும் அந்த உடம்பு அதும்மேல ஒரு அடையாளம் வைக்கும், அடுத்த ஆளுக்கு அந்த அடையாளத்தோடதான் போகும், அதனால யாருக்கு யார் கொடுத்தாங்கன்னு மெஷின் கண்டுபிடிச்சிடும். பரவாம தடுக்கத்தான் இந்த டெஸ்ட். இவங்க என்ன செய்றாங்க?"

"நீங்க தொற்றுன்னு சொன்னீங்க டாக்டர். இவங்க அதை வம்சம்னு புரிஞ்சுக்கிட்டாங்க."

விஷயம் அவ்வளவுதான். காய்ச்சலுக்கு அரசு வைத்த பெயர் ஒரு நம்பர். ஊர் வைத்த பெயர் கிறுகிறுப்பு. மூன்று நாள் சூடு, தலை ராட்டினம் மாதிரி சுற்றும், காரணமில்லாமல் சிரிப்பு வரும், பிறகு போய்விடும். வந்துபோனவருக்குக் கைப்பேசியில் பச்சை அட்டை வரும். அட்டை இல்லாதவருக்கு பஸ் கிடையாது, கல்யாண மண்டபம் கிடையாது, சந்தை கிடையாது. அட்டையில் பெயர், வயது, அதற்குக் கீழே ஒரு வரி: கொடுத்தவர்.

அந்த ஒரு வரிதான் ஊரைக் கிறுக்காக்கியது. எப்படியும் வரப்போகிற சனியன், வருவது நல்ல இடத்திலிருந்து வரட்டும். கொடுத்தவர் என்ற இடத்தில் டீக்கடைக்காரன் பெயரோ, சலூன்காரன் பெயரோ வந்து தொலைத்தால் அப்புறம் காலத்துக்கும் அழியாது. பண்ணாடிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் ஊரே பல் விளக்காமல் ஓடியது. பண்ணாடியின் அட்டையில் அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருந்தது. அவருக்கு எங்கே வந்தது? அவரே சொன்னார், கோயமுத்தூரில் ஒரு மந்திரி வீட்டுக் கல்யாணத்தில். அதோடு வரிசை இரண்டு மடங்கானது.

காலனிக்காரர்களுக்கு மட்டும் டோக்கன் கிடையாது. அந்த இருமலை வாங்கவும் ஒரு தகுதி வேண்டுமல்லவா.

மாதேஸ்வரி காலனிக்காரி. அவளுக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் சிரிப்பு அதை முந்திக்கொண்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு லேபுக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்துத்தான் காலனிக்குப் பரிசோதனை முகாம் வந்தது. தண்ணீர், ரோடு, தெருவிளக்கு எல்லாம் வந்த வரிசையில்தான் முகாமும் வந்தது. குணமானவர் எச்சிலில்கூட நாற்பது நாள் தடயம் இருக்கும் என்பதால் எல்லோரிடமும் எடுத்தார்கள். மாதேஸ்வரி தன் அம்மா அருக்காணியிடமும் எடுத்தாள். அம்மா பண்ணாடி வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளி, பால் கறந்து வருபவள். போன மாதம் அவளுக்கும் இரண்டு நாள் தலை சுற்றி, யாரும் கண்டுகொள்ளாமலே சரியாகிப்போயிருந்தது.

மறுநாள் காலை மெஷினைத் திறந்தவுடன் திரையில் ஒரு அறிவிப்பு நின்றது.

க. நாச்சிமுத்து. கொடுத்தவர் கண்டறியப்பட்டார்: ம. அருக்காணி. பொருத்தம் 99.7. டெக்னீஷியன் முடிவு: உறுதி / தெரியவில்லை.

அம்மாவுக்குக் கொடுத்தவர், ஈரோட்டு பஸ் கண்டக்டர் ஒருவர். மந்திரி வீட்டுக் கல்யாணம் எங்கேயும் இல்லை.

மாதேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். அம்மாவிடமிருந்து பண்ணாடி, பண்ணாடியிடமிருந்து ஊர். மெஷினைத் தட்டிப் பார்த்தாள்: நானூற்றுப் பன்னிரண்டு பேர். வாத்தியாரின் இருமல், கோவில் தர்மகர்த்தாவின் இருமல், போன வருடம் தேர் வடத்தைத் தொட்டதற்காகக் காலனிக்குள் புகுந்து மூன்று வீட்டுக் கூரை ஓடுகளை உடைத்தார்களே, அந்த ஏழு பேரின் இருமல், எல்லாம் அவள் அம்மா போட்ட பிச்சை.

டாக்டர் வந்து பார்த்தபோது அவள் மேஜையில் கவிழ்ந்து குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"அழுறியா?"

"இல்ல டாக்டர்."

டாக்டர் திரையைப் படித்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "திங்கட்கிழமை பத்து மணியிலிருந்து புது அட்டை வருது தெரியும்ல? இனி ஒரு வரி கிடையாது, ஊருக்குள்ள முதல்ல வந்த ஆள்ல ஆரம்பிச்சு முழு வரிசையும் எல்லாருக்கும் போகும். உங்க அம்மா பேர் நானூறு போன்ல வரும்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஓடு உடைந்த வீடுகளில் ஒன்று அவளுடையது.

"சட்டப்படி ரெண்டு பட்டனும் உன் உரிமை. சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு நினைச்சா தெரியவில்லைன்னு போடலாம். நான் கேட்க மாட்டேன்," என்றார் டாக்டர்.

"எங்க அம்மா பேருக்குப் பதிலா தெரியவில்லைன்னு நானே போடணுமா டாக்டர்? நான் படிச்சது இதுக்கா?"

"நீ படிச்சது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. கூரை ஓட்டுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாதுன்னு தெரியும்."

சாயங்காலம் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாதேஸ்வரி சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அம்மா, உன்னை அந்த வீட்டு நெலவுப்படிகிட்டக்கூட விடமாட்டாங்க. பண்ணாடிக்கு உன்கிட்டயிருந்து காய்ச்சல் எப்படிப் போச்சு?"

அருக்காணி கத்தியைக் கீழே வைத்தாள். "மெசினு அதையும் சொல்லிருச்சா?"

"சொல்லிருச்சு. நீ மிச்சத்தைச் சொல்லு."

"சோத்துல போயிருக்கும் கண்ணு."

"எந்தச் சோத்துல?"

"என்ற தூக்குப்போசிச் சோத்துல." அம்மா மூலையில் இருந்த தூக்குப் பாத்திரத்தைக் காட்டினாள், குரலைத் தாழ்த்தவில்லை. "அவருக்குச் சக்கர வந்ததுல இருந்து அவரு வீட்டம்மா ஓட்ஸுக் கஞ்சி தவிர ஒண்ணும் குடுக்கறதில்ல. நானு காலைல பாதி தின்னுபோட்டு மீதிய மத்தியானத்துக்கு வெச்சிருப்பன். பதினோரு மணிக்கு மாட்டப் பாக்க வர்றாப்பல வருவாரு. கருவாட்டுக் கொழம்பு அவருக்கு ஆகாது, ஆனா வாசம் விடாது. கொட்டகைக்குள்ள நின்னுக்கிட்டே தின்னுபோட்டுப் போயிருவாரு."

"எத்தன நாளா?"

"பதினோரு வருசமா."

மாதேஸ்வரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பதினோரு வருடமாக இந்த ஊரின் பெரிய மனுஷன் தன் அம்மாவின் எச்சில் சோற்றைத் தின்று உடம்பைத் தேற்றியிருக்கிறார். அந்தப் பதினோரு வருடமும் அம்மா பாதிப் பட்டினி.

"நீ ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"ஒரு மனுசன் பசிக்குத் தின்னுட்டுப் போறான், அதப் போயி ஊருக்குச் சொல்லுவாங்களா? தின்னது தப்பில்ல மாதேசு." அம்மா ஒரு வெங்காயத்தை எடுத்து, உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "ஆனா ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அந்தப் போசியக் கழுவிக் குடுத்திருப்பாரா? கொழம்பு ஒட்டக் காய, அப்படியே தீவனத் தொட்டி மேல வெச்சுட்டுப் போவாரு. அவரு தின்ன போசிய நாந்தேன் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுவன். எனக்கு அதுதேன் ஆத்தமாட்டாம இருக்குது."

முழு வரிசை அட்டை பற்றி மாதேஸ்வரி சொன்னாள். ஓடு பற்றியும் சொன்னாள். அருக்காணி வெகு நேரம் யோசிக்கவில்லை.

"தெரியலைன்னே போட்டுரு. ஆனா அவரு நம்ம வாசலுக்கு வந்து அந்தப் போசியக் கழுவிக் குடுக்கோணும். கழுவுனா போடு. கழுவலைன்னா என்ற பேரப் போட்டுரு, வர்றது வரட்டும்."

"உன் பேரை ஒரு போசிக்கு விக்கறயாம்மா? அது உண்மைம்மா. அதை மறைக்கறதுக்கு இவ்வளவுதானா விலை?"

"என்ற பேரு அந்தப் போனுக்குள்ள போயி என்ன பண்ணப்போவுது? போசி நான் தெனமும் கழுவறது."

"இது நீ பேசறயா, கிறுகிறுப்புப் பேசுதா?"

"காய்ச்சல் போயி மாசமாச்சு. நாந்தேன் பேசறன்."

மறுநாள் மாதேஸ்வரி பண்ணாடி வீட்டுப் பின்கட்டுக் கதவுக்குப் போனாள். முன்வாசல் வழியாகத்தான் போயிருப்பாள்; ஆனால் இந்தப் பேச்சுக்குப் பின்கட்டுதான் அவருக்கு வசதி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவரும் எதிர்பார்த்த மாதிரிதான் தனியாக நின்றிருந்தார்.

"அம்மணி, திங்கக்கெழமை என்ற பேருக்கு மேல யாரோ வருவாங்கன்னு டிவில சொன்னான். யாரு வர்றாங்க?"

"உங்களுக்கே தெரியுமுங்களே."

பண்ணாடி மாட்டைப் பார்த்தார். மாடு அவரைப் பார்த்தது. "உனக்கு வேல நிரந்தரம் பண்ணிக் குடுக்கறன். நம்ம கலெக்டர் ஆபீசுல ஆளிருக்குது."

"வேண்டாமுங்க. அம்மா போசியக் கழுவித் தரச் சொன்னாங்க. எங்க வாசலுக்கு வந்து."

"எந்தப் போசி?"

"எத்தன போசிலீங்க சாப்புட்டீங்க?"

அவர் முகம் கருத்தது, சிவந்தது, பிறகு என்ன நிறத்துக்குப் போவது என்று தெரியாமல் நின்றது. "அதுக்குப் பேரப் போட்டே தொலைங்கன்னு சொன்னா?"

"போட்டுருவமுங்க. எனக்கு அதுதான் ஆசை."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, காலனிக்குள் பண்ணாடியின் கார் நுழைந்தது. சாக்கடையைப் பார்வையிட வந்திருப்பதாக டிரைவர் எல்லோரிடமும் சொன்னார். அந்தச் சாக்கடையை முப்பது வருடமாக யாரும் பார்வையிட்டதில்லை என்பதால் காலனியே வெளியே வந்து நின்றது.

பண்ணாடி வேட்டியை மடித்துக்கட்டி, அருக்காணி வீட்டுக் குழாயடியில் குந்தினார். அருக்காணி போசியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். நேற்றைய கருவாட்டுக் குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் வேண்டுமென்றேதான் காயவிட்டிருந்தாள்.

"சோப்பு எங்க?"

"அந்தா, நாரு மேல இருக்குதுங்க."

அவருக்குத் தேய்க்கத் தெரியவில்லை. போசிக்கு உள்ளே கையை விட்டால் மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. தண்ணீரை முழுக்கத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டார். அருக்காணி போசியை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தாள்.

"அடில பிசுக்கு இருக்குதுங்க பண்ணாடி."

அவர் மறுபடி தேய்த்தார்.

"மூடில கொழம்பு இருக்குதுங்க."

மூன்றாவது தடவை தேய்த்தபோது அவருக்கு என்ன ஆனதோ, சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, சோப்பு நுரையோடு குந்தியபடியே சிரித்தார். அருக்காணி சிரிக்கவில்லை. போசியை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "இப்பச் சரியாப்போச்சுங்க," என்றாள்.

திங்கட்கிழமை ஒன்பது ஐம்பதுக்கு மாதேஸ்வரி தெரியவில்லை என்ற பட்டனை அழுத்தினாள். விரல் கூசியது. சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

பத்து மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு கைப்பேசிகள் அடித்தன. பத்தரைக்குள் சுகாதார நிலையத்தில் நிற்க இடமில்லை.

"என்ன அம்மணி இது?" வாத்தியார் கைப்பேசியை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார். அட்டையில் இருந்தது: தெரியவில்லை, நாச்சிமுத்து, நீங்கள்.

"வரிசைங்க சார். முழு வரிசை."

"தெரியவில்லைன்னா என்ன அர்த்தம்? அப்பன் பேரு தெரியாத வைரஸா எங்களுக்கு வந்திருக்குது?"

கூட்டம் முனகியது. இதை யாரும் யோசித்திருக்கவில்லை, மாதேஸ்வரி உட்பட. மூன்று தலைமுறைக்கு முன் யார் யாரைக் கட்டினார்கள் என்று விரல் விட்டுச் சொல்லும் ஊருக்கு, தன் காய்ச்சலின் மூலம் தெரியவில்லை என்று அரசு எழுதிக் கொடுத்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் காலையிலிருந்தே போன் போட்டு விசாரிக்கிறார்களாம். அவர்கள் வரிசை ஒரு தாசில்தாரில் போய் முடிகிறதாம்.

குப்பண்ணன் என்பவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அவர் மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம், மாப்பிள்ளை வீடு காங்கேயம். "நிறுத்திருவம்ங்கறாங்க அம்மணி. மூலமில்லாத எடத்துல எப்படிப் பொண்ணெடுக்கறதுன்னு கேக்கறாங்க. மந்திரி பேரப் போட்டுரு."

"மந்திரிக்கு இன்னும் காய்ச்சலே வரலீங்க. பொய்ப் பேரை மெஷின் எடுத்துக்காது. அது கண்டுபிடிச்ச பேரைத்தான் போட முடியும்."

"அப்ப ஒண்ணு கண்டுபுடிச்சிருக்குதா?"

"கண்டுபிடிச்சிருக்கு."

"அட, அதப் போடறதுக்கென்ன?"

"உங்களுக்குப் பிடிக்காத பேரா இருந்தா?"

"யாரா இருந்தா என்ன, ஆளுன்னு ஒண்ணு இருந்தாச் சரி. தெரியாததுக்குத் தெரிஞ்சது மேலு."

ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். அப்போது டாக்டர் பெனிட்டா மேஜை டிராயரைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து வெளியே வைத்தார். முகத்தில் சலனமே இல்லை. "திருத்தம் செய்யணும்னா விதி இருக்கு. அந்த வரிசையில இருக்குற எல்லாரும் சம்மதம்னு கையெழுத்துப் போடணும். ஒருத்தர் போடலைன்னாலும் தெரியவில்லைதான் நிக்கும்."

இருமலுக்கு நின்ற அதே வேகத்தில் வரிசை நின்றது. 'மெஷின் கண்டறிந்த பெயர் எதுவாயினும் எனக்கு முழுச் சம்மதம்.' ஓடு உடைத்த ஏழு பேரும் போட்டார்கள். அவர்கள் ஒவ்வொருவர் கையெழுத்தையும் மாதேஸ்வரி, தெளிவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான்கு பேரிடம் கையெழுத்துப் புரியவில்லை என்று சொல்லித் திரும்பப் போடச் சொன்னாள். கிறுக்கியிருக்கவில்லை, சும்மா சொன்னாள்.

கடைசியாகப் பண்ணாடியைக் காரில் வைத்துக் கூட்டி வந்தார்கள். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு மாதேஸ்வரி பக்கம் குனிந்தார்.

"போசிய நல்லாத்தான அம்மணி கழுவுனேன்?"

"நல்லாத்தான் கழுவுனீங்க. நாங்களும் சொன்ன மாதிரி தெரியலைன்னுதான் போட்டோம். இப்பக் கேக்கறது ஊருங்க."

பின்னால் ஊரே நின்றது. போடவில்லை என்றால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். பண்ணாடி கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நாற்காலி எங்கே என்று தேடினார்.

மேலே வரப்போகிறவரின் சம்மதமும் வேண்டும் என்றார் டாக்டர். மாதேஸ்வரி கொல்லைப் பக்கம் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் பால் குண்டாவில் பீய்ச்சும் சத்தம் நின்றது.

"அவங்களேவா கேக்கறாங்க?"

"அவங்களேதான். கையெழுத்துப் போட்டுக் கேக்கறாங்க."

"அப்பப் போட்டுரு," என்றாள் அருக்காணி.

உறுதி. இந்த முறை விரல் கூசவில்லை.

கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அடித்தன. அட்டையில் இருந்தது: அருக்காணி, நாச்சிமுத்து, நீங்கள். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஏழு பேரில் ஒருவன் ஆத்திரத்தில் கைப்பேசியைத் தரையில் அடித்தான். அட்டை அரசாங்கக் கணினியில் பத்திரமாக இருந்தது, உடைந்தது அவன் போன்தான். யாரோ படிவத்தைப் பிடுங்கப் பார்த்தார்கள். டாக்டர் அதைப் படமெடுத்து ஏற்கனவே மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் குப்பண்ணனுக்குக் காங்கேயத்திலிருந்து அழைப்பு வந்தது. அவர் எல்லோரையும் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

"ஆமாங்க சம்பந்தி, கண்டுபுடிச்சாச்சுங்க. பேரு அருக்காணிங்க." மறுமுனை ஏதோ கேட்டது. குப்பண்ணனின் நெற்றியில் வேர்வை வழிந்தது. "உள்ளூருதானுங்க. ஆமாங்க, பழைய குடும்பமுங்க. எங்க பண்ணாடிக்கே மேலன்னா பாத்துக்கங்க. எங்க எல்லாத்துக்கும் அவங்கதேன் பெரியவங்க."

பண்ணாடி கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் பெனிட்டா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார், அவர் தோள் அதிர்ந்தது. குப்பண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படீங்களா? உங்க பக்கம் அப்படி முறையுங்களா? சரீங்க, சரீங்க. கூப்புட்டர்றமுங்க."

போனை வைத்தார். மாதேஸ்வரியின் முன்னால் வந்து நின்றார். அவளிடம் இதுவரை வா, போ என்றுதான் பேசியிருக்கிறார்.

"மாப்பள வீட்டுல ஒண்ணு சொல்றாங்க அம்மணி. வரிசைக்கு மூத்தவங்க முன்னால நின்னு ஆசீர்வாதம் பண்ணாத்தேன் தாலி கட்டுவாங்களாமா. அம்மா சாயங்காலம் வீட்டுல இருப்பாங்களுங்களா? பத்திரிக வெச்சுக் கூப்படோணும்."

"கேட்டுச் சொல்றனுங்க," என்று மாதேஸ்வரி மறுபடி போன் போட்டாள். சிரிப்பு தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றதால், வாக்கியம் வாக்கியமாக நிறுத்தித்தான் சொல்ல முடிந்தது.

அருக்காணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மாட்டை ஒரு அதட்டு அதட்டினாள்.

"போறதப் பத்தி ஒண்ணுமில்ல கண்ணு," என்றாள். "எனக்கு எல போடறது மொத பந்திலயா, ரெண்டாம் பந்திலயான்னு கேளு."